தொடர்கதை என்றால் இளக்காரமா?

நம் விமர்சகர்கள் 'தொடர்கதை' என்ற சொல்லை உச்சரிக்கும் முறையே அலாதியானது. சாப்பாட்டில் தலைமயிர் கிடந்தால் இரண்டு விரல் நுனியால் எடுத்து இலைக்கு வெளியே போடுவோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. அதே மனிதர் அடுத்த வாக்கியத்தில் 'நாவல்' என்று சொல்லும்போது குரல் கோயில் பிராகாரத்துக்குள் நுழைந்துவிடும்.

சென்ற மார்கழியில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். மேடையில் பேசியவர் இளைஞர், நன்றாகப் படித்தவர். பாதி வரையில் ரசித்தே கேட்டேன். பிறகு பேச்சு ஆர்மிஸ்டெட் மாப்பின் என்ற அமெரிக்க எழுத்தாளரின் 'டேல்ஸ் ஆஃப் தி ஸிட்டி' என்ற புத்தகத்தின் பக்கம் திரும்பியது. ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் அண்டை அயலார்களைப் பற்றித் தினசரிப் பத்திரிகையில் தொடராக வந்து, பின்னர் நாவலான கதை அது. "பத்திரிகையில் வந்த துண்டுகளைச் சேர்த்துத் தைத்து நாவல் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நாவல் என்பது சமைத்து இறக்கிய பிறகு பரிமாறுவது. தொடர்கதை என்பது அடுப்பில் இருக்கும்போதே கரண்டியால் மொண்டு ஊற்றுவது" என்றார். சபையில் கைதட்டல். நானும் தட்டினேன், பழக்க தோஷம். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில்தான் எனக்குக் கோபம் வந்தது. என் கோபம் எப்போதுமே ஒரு பஸ் தாமதித்துத்தான் வரும்.

இதற்குப் பதில் சொல்ல நம்மவர்களிலேயே ஆள் உண்டு. ராஜமய்யரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893ல் 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வர ஆரம்பித்ததுதான். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. 'மோகமுள்' 'சுதேசமித்திர'னில் வந்தது. ஆனால் இவர்களையெல்லாம் அழைத்தால், "சொந்தக்காரர்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறான்" என்பார்கள். வேண்டாம். அந்த இளைஞர் குற்றம் சாட்டிய வீட்டுக்கே நேராகப் போய்விடுவோம். பிறகு, அதைப் பார்த்து ஆசைப்பட்டு ஸ்காட்லாந்தில் இன்னொருவர் கட்டிய வீட்டுக்கும் போவோம்.

மாப்பின் கதை எழுதிப் பிழைக்க வந்தவர் அல்ல. அமெரிக்கக் கடற்படையில் வேலை பார்த்து, வியட்நாமுக்குப் போய் வந்து, 1971ல் அஸோஸியேட்டட் பிரஸ் என்ற செய்தி ஸ்தாபனத்தின் நிருபராக ஸான் பிரான்ஸிஸ்கோவுக்கு வந்து சேர்ந்தார். அந்த ஊரில் மரீனா என்ற பகுதியில் ஸேஃப்வே என்று ஒரு பெரிய பலசரக்குக் கடை. மணமாகாத இளைஞர்களும் இளம் பெண்களும் தக்காளி பொறுக்குகிற சாக்கில் ஒருவரையொருவர் பார்த்துக் கொள்ள அங்கே வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அதைப் பற்றிச் செய்தி எழுதப் போனார். கேட்ட பேர்களில் ஒருவராவது ஒப்புக் கொள்ள வேண்டுமே! எல்லோரும் தக்காளி வாங்கத்தான் வந்திருந்தார்கள். மனிதர் பார்த்தார். வெளியூரிலிருந்து புதிதாக வந்த மேரி ஆன் ஸிங்கிள்டன் என்ற பெண்ணைத் தாமே சிருஷ்டித்து, அவளை அந்தக் கடைக்குள் அனுப்பி விட்டார். 1974ல் 'பஸிபிக் ஸன்' என்ற சிறு வாரப் பத்திரிகையில் அது வந்தது. 1976 மே மாதத்திலிருந்து 'ஸான் பிரான்ஸிஸ்கோ கிரானிக்கிள்' என்ற பெரிய தினசரியில், வாரத்துக்கு ஐந்து நாள், நாளைக்கு எண்ணூறு சொல் அளவில் வரத் தொடங்கியது. 1978ல் புத்தகமாயிற்று. நிருபரிடம் வாய் திறக்காத ஊர் கதாசிரியரிடம் எல்லாவற்றையும் கொட்டியது என்பதைத் தொடர்கதையை இகழ்கிறவர்கள் சற்று யோசிக்கட்டும்.

அந்த வீட்டின் விலாசம் 28, பார்பரி லேன். ஊரில் தேடினால் கிடைக்காது, கற்பனைச் சந்து. ஆனால் ரஷ்யன் ஹில் என்ற மேட்டில் மக்கான்ட்ரே லேன் என்று மரப்படிகள் ஏறிப் போகும் உண்மையான ஒரு சந்து இருக்கிறது. அதைப் பார்த்து எழுதியதுதான். வீட்டுக்காரம்மாள் பெயர் அன்னா மாட்ரிகல். மேரி ஆன், வேலையில் நிலையாக இராத மோனா, அவளுடைய தோழன் மைக்கேல், வக்கீல் தொழிலை உதறிவிட்டு ஹோட்டலில் பரிமாறும் பிரயன் என்று குடித்தனக்காரர்கள். புதிதாகக் குடி வருகிறவர்களின் கதவில் வீட்டுக்காரம்மாள் தன் தோட்டத்துக் கஞ்சாவைச் சுருட்டி, வரவேற்புச் சீட்டோடு ஒட்டி வைப்பாள். நம் ஊர் வீட்டுக்காரம்மாள்களும் கதவில் சீட்டு ஒட்டுவதுண்டு. அதில் மோட்டார் போடும் நேரமும், விருந்தாளிகள் எத்தனை நாள் தங்கலாம் என்பதும் இருக்கும். இரண்டில் எது மேல் என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை.

இந்த அன்னா மாட்ரிகல் விஷயத்தில்தான் என் வாதம் ஆரம்பமாகிறது.

அவள் ஆணாகப் பிறந்து பெண்ணாக மாறியவள். மாப்பினுக்கு இது முதலிலேயே தெரியும். பத்திரிகைக்காரர்களிடமும் சொன்னார். அவர்கள் திடுக்கிட்டு, "முதல் ஓராண்டு இதை வெளியிடாதீர்கள்" என்றார்களாம். பின்னாளில் பேட்டிகளில் அவரே சொன்னது இது. அவர்கள் சொன்னதற்குக் காரணம் பயம்தான், ரசனை அல்ல. ஆனால் விளைந்தது என்ன? ஓராண்டுக் காலம் ஊர் முழுவதும் காலைக் காப்பியோடு அந்த அம்மாளைச் சந்தித்தது. அவளுடைய தோட்டத்தைப் பார்த்தது. குடித்தனக்காரக் குழந்தைகளைத் தன் குழந்தைகளாக அவள் நடத்துவதைப் பார்த்தது. 'நம் வீட்டுக்காரம்மாளும் இப்படி இருக்கக் கூடாதா?' என்று ஏங்கியது. அதன் பிறகு ரகசியம் வெளிப்பட்டபோது வெறுக்க வேண்டியவர்களுக்கு வெறுக்க வழியில்லாமல் போய்விட்டது. முன்பே நேசித்துவிட்டார்களே!

முழுதாக அச்சிட்ட நாவலில் இது நடக்குமா? ரகசியத்தைக் கடைசி அத்தியாயத்தில் வைக்கலாம். ஆனால் வாசகர் சனிக்கிழமை மத்தியானம் எடுத்து ஞாயிற்றுக்கிழமை இரவு முடித்துவிடுவார். இரண்டு நாள் பழக்கத்தில் ஒருவரிடம் பிரியம் வைக்கலாம், மரியாதை வைக்கலாம். அடுத்த போர்ஷனில் இருக்கிறவரிடம் உண்டாகும் பாத்தியதை ஏற்படாது. அது நாட்களால் ஆவது. மாடிப்படியில் தினம் ஒரு நிமிஷம், தண்ணீர்க் குழாயடியில் இரண்டு நிமிஷம் என்று சேர்வது. அண்டை அயலாரை நாம் ஒருநாளும் முழு மூச்சாகப் 'படித்து முடிப்பது' கிடையாது. தவணை தவணையாகத்தான் தெரிந்து கொள்கிறோம். அப்படியிருக்க, ஒண்டுக் குடித்தனத்தைப் பற்றிய கதை தவணையில் வருவது குறை என்று சொல்கிறவரை நான் என்னவென்று சொல்ல! அந்தக் கதைக்கு அதுதானே இயல்பான நடை?

இன்னும் ஒன்று. தொடர்கதை தனியாக வருவதில்லை, அன்றைய செய்திகளின் பக்கத்திலேயே உட்கார்ந்து வருகிறது. இதைத்தான் கலைக்கு விரோதம் என்கிறார்கள் விமர்சகர்கள். 1977ல் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அந்த ஆண்டு ஃப்ளாரிடா மாநிலத்தில் அனிடா பிரயன்ட் என்ற பாடகி ஓர் இயக்கம் நடத்தினாள். ஆரஞ்சுச் சாறு விளம்பரங்களில் முகம் காட்டிய பிரபலமான பெண்மணி. தன்பாலினத்தாருக்கு வேலையிலும் குடியிருப்பிலும் பாதுகாப்பளித்த உள்ளூர்ச் சட்டத்தை ரத்துச் செய்ய வேண்டும் என்பது இயக்கத்தின் நோக்கம். ஜூன் மாதம் வாக்கெடுப்பில் ஜெயித்தும் விட்டாள். பார்பரி லேனில் குடியிருக்கும் மைக்கேலின் பெற்றோர் இருப்பது அதே ஃப்ளாரிடாவில். ஆரஞ்சுத் தோட்டக்காரர்கள். மகன் எப்படிப்பட்டவன் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்த இயக்கத்தில் தாங்களும் சேர்ந்திருப்பதாகத் தாயார் வெகு சாதாரணமாகக் கடிதம் எழுதுகிறாள். அதற்கு மகன் எழுதிய பதில்தான் ஒருநாள் தொடரின் அத்தியாயமாக வந்தது. 'அம்மா, நீ யாருக்குப் பயந்து குழந்தைகளைக் காப்பாற்றக் கிளம்பியிருக்கிறாயோ, அவர்களில் நானும் ஒருவன்' என்பதுதான் அதன் சாராம்சம். அழுகை இல்லை, மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

மாப்பினின் தாய் தந்தையர் தூரத்தில், வட கரோலினாவில் இருந்தார்கள். கட்டுப்பெட்டியான குடும்பம். தகப்பனார் வக்கீல். மகன் கதை எழுதுகிறானே என்பதற்காக அந்தத் தினசரிக்குச் சந்தா கட்டித் தபாலில் வரவழைத்துக் கொண்டிருந்தார்கள். மைக்கேல் எழுதிய கடிதம் மாப்பின் தம் வீட்டுக்கு எழுதிய கடிதமும்தான். நேரில் சொல்ல நாக்கு எழவில்லை. எண்ணூறு சொல்லில், லட்சம் பேர் முன்னிலையில், கதாபாத்திரத்தின் கையெழுத்தில் சொல்லிவிட்டார். பிற்பாடு எத்தனையோ வாலிபர்கள் அந்த அத்தியாயத்தைக் கத்தரித்து, பெயரை மாற்றித் தங்கள் தாய்மார்களுக்கு அனுப்பினார்களாம்.

அன்றைய பத்திரிகையில், அன்றைய செய்திக்கு நடுவில் வந்ததால் அல்லவா அந்தக் கடிதத்துக்கு அவ்வளவு பலம்? இரண்டாண்டு கழித்து அழகான அட்டையுடன் வந்திருந்தால் இலக்கியக் கூட்டத்தில் பாராட்டியிருப்பார்கள். தாயாருக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

1983ல் இதே போல மறுபடி ஒன்று நேர்ந்தது. எய்ட்ஸ் நோயின் முதல் செய்திகள் 1981ல்தான் வெளிவந்தன. ஸான் பிரான்ஸிஸ்கோவில் அதற்குள் வாலிபர்கள் சாக ஆரம்பித்திருந்தார்கள். மாப்பின் தம் தொடரில், வாசகர்களுக்கு மிகவும் பிரியமான டாக்டர் ஜான் ஃபீல்டிங்கை அந்த நோய்க்குப் பலி கொடுத்தார். கதை உலகில் அந்த நோய் எட்டிப் பார்த்த முதல் சந்தர்ப்பங்களில் அது ஒன்று. பாராட்டுக் கடிதங்கள் வந்தன என்றா நினைக்கிறீர்கள்? 'காலையில் சற்றுச் சிரிக்கத்தானே உங்களைப் படிக்கிறோம், இதை ஏன் இங்கே கொண்டு வந்தீர்?' என்று கோபித்துக் கொண்டவர்கள் உண்டு என்று அவரே சொல்லியிருக்கிறார். 'தொடர்கதைக்காரன் வாசகன் கேட்டதைக் கொடுக்கிறவன்' என்று மேடையில் சொன்ன நண்பரே, இதைக் கேட்டது எந்த வாசகன்?

எல்லாம் சரி, தொடரில் குற்றமே இல்லையா என்றால், உண்டு. நிறைய உண்டு. மாப்பினின் ஊரில் லட்சக்கணக்கான ஜனங்கள் இருக்கிறார்கள். அவர் கதையில் எந்தத் தெரு முனையில் திரும்பினாலும் ஏற்கனவே தெரிந்தவர் மேல்தான் மோதிக் கொள்ள வேண்டும். இரண்டாம் பாகத்தில் அந்த நகரத்தின் பெரிய மாதா கோயிலுக்குள் நரமாமிசம் தின்கிற ரகசியக் கூட்டம் ஒன்றைக் கொண்டு வந்தார் பாருங்கள், அதை மன்னிக்க என்னாலும் முடியவில்லை. இது நிச்சயமாக ஏதோ ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டு எழுதியதுதான். எனக்குத் தெரியும். நானும் அப்படிப்பட்ட புதன்கிழமைகளைக் கண்டிருக்கிறேன். அச்சகத்துப் பையன் வாசலில் சைக்கிளோடு நிற்பான். கதாநாயகன் ரயில் ஏறாமல் அந்த வாரம் முடியாது. ஆனால் அவசரத்தில் எழுதிய அத்தியாயம் அசட்டுத்தனமாயிருந்தது என்று சொல்லுங்கள், ஒப்புக் கொள்கிறேன். தொடராக வந்ததால் அது நாவலே அல்ல என்று சொன்னால் ஒப்புக் கொள்ள மாட்டேன். ஐந்து வருஷம் அறைக் கதவைச் சாத்திக் கொண்டு எழுதிய அசட்டு நாவல்கள் என் அலமாரியில் ஒரு தட்டு நிறைய இருக்கின்றன. மதிப்புரைக்காக வந்தவை.

மாப்பின் 1989ல் இந்த வரிசையின் ஆறாவது புத்தகத்தைத் தொடராக வெளியிடாமல் நேரே நூலாகவே கொண்டு வந்தார். கட்டுக்கோப்பு, நிதானம், சோகம் எல்லாம் அதில் இருக்கின்றன. படித்துப் பார்த்தேன். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்கவில்லை. இது என் சொந்த அபிப்பிராயம், யாரும் ஏற்க வேண்டியதில்லை.

இனி ஸ்காட்லாந்துக்குப் போவோம். அலெக்ஸாண்டர் மக்கால் ஸ்மித் எடின்பரோ சர்வகலாசாலையில் மருத்துவச் சட்டப் பேராசிரியராக இருந்தவர். போட்ஸ்வானா நாட்டுப் பெண் துப்பறிவாளரைப் பற்றி எழுதிப் பெயர் வாங்கியவர். ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குப் போயிருந்தபோது எழுத்தாளர் ஏமி டான் வீட்டு விருந்தில் மாப்பினைச் சந்தித்தார். ஊர் திரும்பியதும், 'இப்போதெல்லாம் பத்திரிகைகள் தொடர்கதை போடுவதில்லையே!' என்று அங்கலாய்த்து ஒரு கட்டுரை எழுதினார். 'ஸ்காட்ஸ்மன்' என்ற எடின்பரோத் தினசரியின் ஆசிரியர்கள் அதைப் பார்த்துவிட்டு, "நீங்களே எழுதுங்களேன்" என்று கூப்பிட்டார்கள். மனிதர் வாரம் ஒன்று என்று நினைத்துக் கொண்டு போனார். அவர்கள் தினம் ஒன்று என்றார்கள். அவரும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டார். (பத்திரிகை ஆசிரியர்கள் சாப்பாட்டுக்கு அழைத்தால் எழுத்தாளர்கள் எதற்கும் தலையாட்டுவார்கள் என்பது உலகப் பொதுவான உண்மை போலிருக்கிறது.) 2004 ஜனவரியில் '44 ஸ்காட்லாந்து ஸ்ட்ரீட்' ஆரம்பமாயிற்று. 110 அத்தியாயங்கள். மறு ஆண்டு புத்தகமாக வந்தது.

தெரு நிஜமானது, எடின்பரோவின் புது நகரம் என்ற பழைய பகுதியில் இருக்கிறது. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், அந்தப் புது நகரத்துக்கு வயது இருநூற்றைம்பது. பொதுவான கல் மாடிப்படி, ஒவ்வொரு தளத்திலும் எதிரெதிராகக் கதவுகள். மேல் தளத்தில் பாட் என்ற இருபது வயதுப் பெண், கண்ணாடியைத் தவிர வேறு யாரையும் காதலிக்காத புரூஸ் என்ற வாலிபனோடு ஒரு ஜாகையைப் பங்கிட்டுக் கொள்கிறாள். எதிர்க் கதவு டொமினிக்கா என்ற மானிடவியல் அம்மாளுடையது. கீழே ஐரீன் என்ற தாயும், வாய் திறவாத கணவனும், பெர்ட்டி என்ற ஐந்து வயதுப் பையனும். பெர்ட்டி இத்தாலிய மொழி கற்க வேண்டும், தன் உயரத்துக்குச் சரியாக இருக்கும் ஸாக்ஸபோன் ஊத வேண்டும், மனநல மருத்துவரிடமும் போக வேண்டும். பையன் ஆசைப்படுவது மற்றப் பையன்களைப் போல விளையாட. நம் அடுக்கு வீடுகளில் ஐரீன்கள் எத்தனை பேர், எந்தெந்த மாடியில் என்று நேயர்களே எண்ணிக் கொள்ளலாம்.

கதையில் கொலை இல்லை. ஒரு படம் பெரிய ஓவியர் வரைந்ததா, இல்லையா என்று சில வாரம் ஓடுகிறது. தொலைந்த அந்தப் படம் கடைசியில் இயன் ராங்கின் வீட்டில் கிடைக்கிறது. ராங்கின் எடின்பரோவில் உண்மையிலேயே வாழ்கிற துப்பறியும் நாவலாசிரியர். பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது போல அவரும் கதைக்குள் வந்து போகிறார். அவ்வளவுதான் பரபரப்பு. 'தொடர்கதை என்றால் வாராவாரம் கதாநாயகியை மலை உச்சியில் தொங்கவிட்டு, தொடரும் என்று போடுவது' என்று பரிகாசம் செய்கிறார்களே, இந்த மனிதர் ஒரு பெண்ணையும் எந்த மலையிலும் தொங்கவிடவில்லை. அநேகமாக யாராவது காப்பி சாப்பிட்டுக் கொண்டிருப்பார்கள். மறுநாள் ஜனங்கள் பத்திரிகையை வாங்கினார்கள். ஏன் வாங்கினார்கள்? பெர்ட்டி என்ன செய்கிறான் என்று பார்க்க. ஆபத்தில் இருப்பவனை மட்டும்தானா நாம் விசாரிக்கிறோம்? சௌக்கியமாயிருப்பவனையும் 'சாப்பிட்டாயா?' என்று கேட்கிறோம் அல்லவா?

பெர்ட்டி விஷயத்தில் வாசகர்கள் சும்மா இருக்கவில்லை. ஆசிரியரைக் கண்ட இடத்திலெல்லாம், 'அந்தக் குழந்தையை விட்டுவிடச் சொல்லுங்கள்' என்று கெஞ்சினார்களாம். இங்கேதான் விமர்சகர் கை தட்டி எழுந்திருப்பார். 'பார்த்தாயா, வாசகன் பேனாவைப் பிடுங்குகிறான்!' என்பார். கொஞ்சம் உட்காருங்கள், ஐயா. மக்கால் ஸ்மித் என்ன செய்தார்? ஐரீனைத் திருத்திவிடவில்லை. திருந்துகிற பிரகிருதியா அவள்? இரண்டாம் பாகத்தில் தகப்பன் பையனை அழைத்துக் கொண்டு கிளாஸ்கோவுக்கு ஒரு பயணம் போகிறான். தாய் இல்லாமல் ஒரே ஒரு நாள். அந்த நாளின் ஆனந்தம் கதையில் இருக்கிறது. மறுநாள் மறுபடி ஸாக்ஸபோன். வாசகர் கேட்டது விடுதலை. கிடைத்தது ஒரு விடுமுறை. இதில் பேனா யார் கையில் இருந்தது?

குறையையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கு நிறுத்தத் தெரியவில்லை. பாகம் பாகமாகப் பதினைந்துக்கு மேல் போய்விட்டது. ஐந்து வயதுப் பையன் ஏழு வயதைத் தொட ஏறக்குறையப் பத்து ஆண்டுகள் பிடித்தன. உலகிலேயே மிக நீண்ட தொடர்நாவல் என்று விளம்பரம் செய்கிறார்கள். நீளம் புடவைக்குப் பெருமை, கதைக்கு அல்ல. பிந்திய பாகங்களில் பலவற்றை நான் பாதியில் மூடியிருக்கிறேன். குடித்தனக்காரர் காலி செய்ய வேண்டிய நாளில் காலி செய்ய வேண்டும். தொடர்கதையின் உண்மையான வியாதி இதுதான். வாசகர் கேட்பதும் அல்ல, அவசரமும் அல்ல. 'இன்னும் பத்து வாரம் ஓட்டுங்கள்' என்று ஆசிரியரும், 'பத்து வாரத்துப் பணம் வரும்' என்று எழுத்தாளரும் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகை செய்வதுதான் வியாதி. அதைச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன்.

இவ்வளவு கோபம் எனக்கு ஏன் என்று கேட்பீர்கள். வெளியூர்க்காரர்களுக்காக வழக்காடும் அளவுக்கு நான் பரோபகாரி அல்ல. சொந்தத்தில் ஒரு பாவம் இருக்கிறது.

1983ல் ஒரு வாரப் பத்திரிகையில் நான் ஒரு தொடர் எழுதினேன். திருவல்லிக்கேணியில் ஏழு குடித்தனம், ஒரே குழாய். மாடிப்படிக்குக் கீழே உள்ள அறையில் கோமளத்தம்மாள் என்று ஒரு கிழவி. கதைக்கும் அவளுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. மொட்டை மாடியில் வடாம் காய வைப்பாள். காக்கை விரட்ட வரும் குழந்தைகளுக்குக் கதை சொல்வாள். நாற்பத்தொரு வாரத்தில் ஆறு வாரம் வந்தாள். தொடர் முடிந்து புத்தகம் போடுகிற சமயத்தில் எனக்குள் ஒரு வெட்கம் புகுந்தது. பத்திரிகையில் வந்தது போலவே புத்தகமாகப் போட்டால் பெரிய விமர்சகர்கள் என்ன சொல்வார்கள்? கத்தரிக்கோலை எடுத்தேன். கோமளத்தம்மாளை அடியோடு எடுத்துவிட்டேன். புத்தகம் வந்தது. பெரிய விமர்சகர் ஒருவர் தம் கட்டுரையில், 'ஓரளவு கட்டுக்கோப்புள்ள நாவல்' என்று அரை வரி எழுதினார். அந்த அரை வரியைக் கத்தரித்து டைரிக்குள் வெகு நாள் வைத்திருந்தேன்.

சென்ற வருஷம் கும்பகோணத்திலிருந்து ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பையிலிருந்து ஒரு பைண்டு புத்தகத்தை எடுத்தார். என் தொடர்தான். வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்து, ஊசி நூலால் தைத்து, கடைசியில் காலிகோ போட்டுப் பைண்டு செய்தது. அவருடைய அம்மா செய்த வேலை. ஒவ்வொரு வாரமும் தெருவில் நாலு பேரை உட்கார வைத்துக் கொண்டு உரக்கப் படிப்பாளாம். படித்து முடித்த பிறகுதான் கிழிப்பாளாம்.

"ஒரு சந்தேகம், சார்" என்றார் வந்தவர். "அம்மாவுக்காக அச்சுப் புத்தகம் ஒன்று வாங்கினேன். படித்துக் காட்டினேன். 'கோமளம் எங்கேடா?' என்றாள். பார்த்தால் காணோம். ஏதோ பாரம் விட்டுப் போயிருக்கிறது என்று கடையில் கொண்டு போய் மாற்றினேன். அதிலும் இல்லை. மறுபடி மாற்றினேன். கடைக்காரர் சண்டைக்கு வந்துவிட்டார். உங்களிடமாவது நல்ல பிரதி இருக்குமா?"

பாரம் விட்டுப் போகவில்லை என்று அவரிடம் சொன்னேன்.

"நீங்களா எடுத்தீர்கள்? ஏன், சார்?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. விவரம் தெரிந்து கொண்டு போய் அம்மாவிடம் சொல்ல வேண்டுமே என்றுதான் கேட்டார். டைரியில் இருந்த அரை வரியை அவருக்கு எடுத்துக் காட்ட எனக்குத் தைரியம் இல்லை.

பைண்டுப் புத்தகத்தை ஒரு மாதம் என்னிடம் விட்டுப் போனார். புதுப் பதிப்புக்காக இப்போது அதைப் பார்த்து அந்த ஆறு அத்தியாயங்களையும் பிரதி எடுத்துக் கொண்டிருக்கிறேன். என்னிடம் கையெழுத்துப் பிரதியும் இல்லை, பழைய இதழும் இல்லை. பக்கத்தின் ஓரங்களில் தலைவலித் தைல விளம்பரமும், பாதி வெட்டுப்பட்ட சமையல் குறிப்பும், அந்த வாரத்து மழைச் செய்தியும் இருக்கின்றன. இருபத்து மூன்றாவது அத்தியாயத்தில் மட்டும் பக்கத்தின் அடி மூலை கிழிந்து போயிருக்கிறது. காக்கையை விரட்டிவிட்டு வரும் பையனிடம் கோமளத்தம்மாள் ஏதோ சொல்கிறாள். இரண்டு வரி இருந்திருக்கும். என்ன சொன்னாள் என்று எழுதிய எனக்கு ஞாபகம் இல்லை. புதிதாக எதையாவது எழுதி நிரப்பவும் மனம் வரவில்லை. கும்பகோணத்துக்குக் கார்டு போட்டேன். நேற்றுப் பதில் வந்தது. அம்மாவுக்குத் தொண்ணூறு வயதாகிறது, காலை வேளையில் ஞாபகம் நன்றாக இருக்கிறது, கேட்டு எழுதுகிறேன் என்று எழுதியிருக்கிறார்.